வேலியோர வரிசை

ஊராட்சி அலுவலகக் கடிதத்தை ஸ்தெஃபானியா மூன்று நாள் பிரிக்காமல் அடுப்பு மேடையிலேயே வைத்திருந்தாள். நான்காம் நாள் மாடி அறையில் குடியிருந்த சேதுராமனைக் கூப்பிட்டாள். அவன் ஹனோவரில் பொறியியல் ஆராய்ச்சி செய்ய வந்தவன். அலுவலக ஜெர்மன் அவளைவிட அவனுக்கு நன்றாகப் புரியும். அவளுடைய ஜெர்மன் பண்ணையில் கற்றது. பதினெட்டு வயதில் போலந்திலிருந்து ரயிலில் ஏற்றி வந்து பீட்ரூட் வயலில் இறக்கிவிட்டவர்கள் அவளை ‘நீ’ என்றுதான் அழைத்தார்கள். இருபத்தொன்பது வருடம் கழித்தும் யாரைப் பார்த்தாலும் அவள் வாயில் ‘நீ’தான் வந்தது.

“படி. நல்ல சேதின்னா சத்தமா, இல்லேன்னா மெதுவா.”

அவன் மெதுவாகப் படித்தான். கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகள் பகுதிக்கு ஒதுக்கிய இருபது வருடம் முடிந்துவிட்டது. அக்டோபரில் அந்தப் பகுதி சமப்படுத்தப்பட்டுப் புல்தரையாகும். நீட்டிப்பு கிடையாது. மரியா க்ரோகர், நான்காம் வரிசை.

“இது யாரு?”

“என் பொண்ணு. மூணு மாசக் குழந்தை.”

“எங்க ஊர்ல இந்தத் தொல்லையே இல்ல. எரிச்சு ஆத்துல கரைச்சிடுவோம்.”

“மூணு மாசக் குழந்தையையுமா?”

“இல்ல, அதைப் புதைப்போம். மேல அடையாளம்னு ஒண்ணும் வைக்க மாட்டோம்.”

“அப்ப அம்மாக்காரி எங்க போவா?”

அவன் கடிதத்தை மடித்தான். “எங்கம்மாவுக்கும் எனக்கு முன்னாடி ஒண்ணு தவறிப்போச்சு. எங்க போவீங்கன்னு நான் கேட்டதே இல்ல.”

மறுநாள் இருவரும் பேருந்து பிடித்து அந்தக் கல்லறைத் தோட்டம் இருந்த ஊருக்குப் போனார்கள். அலுவலர் கெட்டவர் இல்லை. பதிவேட்டைத் திறந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடுதான் சொன்னார்.

“வேலியோர வரிசையா இருந்தா யாரும் கை வைக்க முடியாது, ஃப்ராவ் க்ரோகர். அங்க இருக்கறது போர்க்காலத்துல வேலைக்குக் கொண்டுவந்தவங்க குழந்தைங்க. அது போர்க்கல்லறை. சட்டமே வந்தாச்சு. என்னைக்கும் அப்படியே இருக்கும்.”

“அவ அங்கதான் இருந்தா,” என்றாள் ஸ்தெஃபானியா.

போரின்போது வேலை செய்ய இழுத்து வரப்பட்ட பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளைப் பிரித்து ஒரு கொட்டகையில் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கலாம். நாற்பத்தைந்து ஜனவரியில் ஒரு ஞாயிறு அவள் போனபோது செயற்கை வெண்ணெய் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். மகளை அதில் வைத்து வேலியோரம் புதைத்தார்கள். சண்டை முடிந்த பிறகு திரும்பிப் போக அவளுக்கு வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. பிஸ்கட் ஆலையில் சேர்ந்தாள். டிராம் நடத்துநர் வால்டர் க்ரோகரைக் கட்டிக்கொண்டாள்.

அந்நாளில் வேலியோரம் முள்செடி மண்டிக் கிடந்தது. ஊரார் வாடிய மலர்வளையங்களை அங்கேதான் வீசினார்கள். நாய்கள் தோண்டின. ஒருநாள் அவள் வால்டரிடம், “உன் பேரை அவளுக்குக் குடு,” என்று கேட்டாள். அவன் மறு பேச்சுப் பேசவில்லை. குழந்தை தன்னுடையது, நிமோனியாவில் இறந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டான். பக்கத்தில் அவளும் கையெழுத்திட்டாள். யாரும் துருவவில்லை, வேலியோரத்தில் ஒன்று குறைந்தால் ஊருக்கும் நிம்மதி. ஐம்பத்தொன்றில் எஞ்சியதைத் தோண்டி எடுத்து ஜெர்மன் குழந்தைகளுக்கு நடுவே வைத்தார்கள். பெயர் பொறித்த கல்லும் வந்தது. அன்றுதான் மகளைக் கொட்டகையிலிருந்து மீட்டுவிட்டதாக அவள் நினைத்தாள்.

“அவளைப் பழைய இடத்துக்கே மாத்திக் குடு,” என்றாள் இப்போது. “அக்டோபருக்குள்ள.”

அலுவலர் பழைய காகிதத்தைத் தேடி எடுத்தார். “இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா. பொய் எழுதினேன்.”

“உங்க கணவர் வந்து சொல்வாரா?”

“செத்து ஆறு வருஷமாச்சு.”

“கொட்டகைப் பதிவேடு ஏதாவது?”

“அதை உன் ஆளுங்கதான் எரிச்சாங்க.”

அலுவலரின் காது சிவந்தது. சேதுராமனால் பொறுக்க முடியவில்லை. “பெத்த அம்மாவே சொல்றாங்க சார். இதைவிட என்ன சாட்சி வேணும்?”

“முன்னாடி சொன்னதும் பெத்தவதானே,” என்றார் அலுவலர். குரலில் குத்தல் இல்லை.

சேதுராமன் எழுத எழுத அவள் கையெழுத்திட்டாள். மாவட்டத்துக்கு ஒன்று, காணாமற்போனவர்களைத் தேடும் அலுவலகத்துக்கு ஒன்று, வார்சாவுக்கு ஒன்று. செப்டம்பருக்குள் மூன்றிலிருந்தும் பதில் வந்தது. அப்படி ஒரு குழந்தை பிறந்ததற்கே எங்கும் பதிவில்லை.

அக்டோபரில் குறித்த நாளில் அவள் தனியாகப் போனாள். தோட்டக்காரர் கல்லைப் பெயர்த்துச் சக்கரவண்டியில் சாய்த்து வைத்தார்.

“எடுத்துட்டுப் போறீங்களாம்மா? இல்லேன்னா உடைச்சுப் பாதைக்குப் போட்டுடுவோம்.”

மரியா க்ரோகர் என்று இருந்ததை அவள் படித்தாள்.

“உடைச்சுடு.”

நவம்பர் முதல் தேதி, இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் நாள். மெழுகுவர்த்தியோடு போனவளுக்குப் புல்லில் நான்காம் வரிசை எதுவென்று தெரியவில்லை. இரண்டடி நடந்தாள், நின்றாள், திரும்பி நடந்தாள். காவலாளி கையசைத்தார்.

“புல்லுல ஏத்தக்கூடாதும்மா. வேலிப்பக்கம் போங்க, எல்லாரும் அங்கதான் ஏத்தறாங்க.”

போனாள். முள்செடி இல்லை. பத்தொன்பது சின்னக் கற்சிலுவைகள், ஒவ்வொன்றின் கீழும் யாரோ ஏற்றிய விளக்கு. தன் மகள் கிடந்த இடத்தைத் தேடினாள். இடைவெளி தெரியாதபடி சிலுவைகளைச் சம தூரத்தில் நட்டிருந்தார்கள். மெழுகுவர்த்தியைப் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தாள்.