நீர்மாலை

சங்கு ஊதிக்கொண்டு முன்னால் போனவரைத் தாய்மாமா காந்திமதிநாதன் குளக்கரையில் கைதட்டி நிறுத்தினார்.

"இங்கன வேண்டாம்வே. நாத்தம் கொடலைப் புடுங்குது. தெருக்குழாய்க்குத் திரும்பும்."

குமரகுருபரன் வெறுங்குடத்தோடு நின்றான். அந்தத் தெருவில் யார் இறந்தாலும், குளிப்பாட்ட இந்தக் குளத்திலிருந்துதான் நீர்மாலை எடுப்பார்கள். மதகோரம் பழுப்பு நுரை ஒதுங்கிக் கிடந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவன் மேனேஜராக இருக்கும் அரிசி ஆலையில் நெல் ஊறிய கழிவு அது.

அம்மா பிரம்மநாயகி வேதியியல் டீச்சர். ஓய்வுபெற்ற பிறகு அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மாதாமாதம் குளத்துத் தண்ணீரை முகந்து சோதித்து வந்தாள். பங்குனியில் ஒருநாள், அவனுக்குத் தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தண்ணில ஆக்ஸிஜனே இல்ல குமரா. மீனெல்லாம் செத்து மெதக்குது. ஒங்க ஆலைதானாலே?"

"மொதலாளிட்ட நான் என்னத்தம்மா சொல்ல? வேலைய விட்டுத் தூக்கிருவாரு."

"பையச் சொல்லிப் பாரு."

"பாக்கேன்" என்றான். சொல்லவில்லை. அம்மா மறுபடி கேட்கவும் இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். நேற்றுச் சாயங்காலம் குளத்திலிருந்து வந்தவள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

தெருக்குழாயில் குளித்து, குடத்தை நிரப்பி, ஈர வேட்டியோடு வீடு திரும்பினான். அம்மாவோடு குளத்துக்குப் போகிற அக்தர் பானு அக்கா வாசலில் நின்றிருந்தாள்.

"கொளத்துல எடுக்கலியா தம்பி?"

இல்லை என்று தலையசைத்தான்.

"ஆலை பேரைப் போட்டுக் கலெக்டருக்கு எழுதுவோம்னு நாங்களும் சொல்லிப் பாத்துட்டோம். டீச்சர் கேக்கவே மாட்டாவ. 'எம்மவன் பாக்கேன்னு சொல்லியிருக்கான், நிறுத்திருவான், பொறுங்க'ம்பாவ."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குமரகுருபரன் குடத்தை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தான். ஆலையில் சூப்பர்வைசர் தேவேந்திரன் எடுத்தார்.

"கொளத்துக்குப் போற குழாய மூடிரும்."

"மொதலாளி கேட்டா, சார்?"

"நான் சொன்னேன்னு சொல்லும்."

"அம்மா தவறிட்டாவன்னு சொன்னாவளே சார்..."

"ஆமா."

பின்வாசலில் அம்மாவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். மாமா குடத்தை நீட்டினார்.

"ஊத்துலே."

ஊற்றினான். நெற்றியில் விழுந்த தண்ணீர் நரைமுடி வழியாக இறங்கி, பெஞ்சின் விளிம்பில் சொட்டி, வாறுகாலில் சேர்ந்து குளத்தைப் பார்த்து ஓடியது.