வலது காலுக்கு ஒரு வண்டி

அண்ணனின் இடது முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் சொன்ன அன்றே, அவனுடைய மோட்டார் சைக்கிளை விற்றுவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்தார்கள். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால்தானே மடங்காது, காது கேட்குமில்லையா என்று நான் சத்தம் போட்டேன். வண்டி விலை போகாமல் எங்கள் கார் ஷெட்டின் மூலையில் தார்ப்பாய்க்குள் போனது.

அதன் பிறகு அண்ணன் எங்கே போவதானாலும் அண்ணியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, நீட்டிய காலுடன்தான் போக வேண்டும். அண்ணி கடை வாசலில் இறக்கிவிட்டு, "எத்தனை மணிக்கு வரட்டும்?" என்பாள். நாலைந்து தடவையிலேயே அவனுக்கு வெறுத்துவிட்டது.

"ஸ்கூலுக்குக் கொண்டு விடற மாதிரி இருக்கு. தனியா போயி தனியா வரணும். முடியலைன்னா வீட்டிலேயே கிடக்கறேன்."

சொன்னால் சொன்னதுதான் அவனுக்கு. வீட்டிலேயே கிடந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளை, சத்தத்தை வைத்தே, செயின் தளர்ந்திருக்கு, ஆயில் மாத்தலை என்று திட்டிக்கொண்டிருந்தான். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

நான் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவள். லீவு நாட்களில் வண்டியைப் பிரித்தேன். இடப்பக்கத்துக் கியரை, இன்ஜினுக்கு அடியில் ஒரு குறுக்குத் தண்டு விட்டு வலப்பக்கம் கொண்டுவந்தேன். வலது காலில் இருந்த பின் பிரேக்கைக் கைப்பிடிக்கு மாற்றினேன். நீட்டிய காலை வைத்துக்கொள்ள முன்னால் தள்ளி ஒரு மிதி. அதற்கு அளவெடுக்க டேப்புடன் போனபோது, "பேண்ட் தைக்கப் போறியா?" என்று கேட்டான். அவ்வளவுதான் அவன் காட்டிய அக்கறை. ஆனால் டேங்குக்கு என்ன கலர் என்று அண்ணி கேட்டதும், ஜன்னலைப் பார்த்தபடியே, "கறுப்பு" என்றான்.

கடைசி போல்ட்டையும் முறுக்கிவிட்டு நானே தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். இடது காலை நீட்டி, ஒரு தடவைகூட மடக்காமல். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அண்ணன் ஷெட்டுக்கு வந்தான். "யாரும் பிடிக்கக் கூடாது" என்றான். இடது காலில் நின்று, வலது காலைத் தூக்கிப்போட்டு ஏறினான். பட்டனை அழுத்தினான். இன்ஜின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டான். அதிசயமாக ஒரு குறையும் சொல்லவில்லை. வலது காலை ஊன்றி வண்டியை நிமிர்த்தினான். பிறகு அப்படியே இருந்தான்.

"என்னண்ணா?"

"ஸ்டாண்டை எப்படி எடுக்கறது?"

சைடு ஸ்டாண்டு இடப்பக்கம் இருக்கிறது. குதிகாலால் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதற்கு முழங்கால் மடங்க வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் தள்ளியிருக்கிறேன், தள்ளுகிறோம் என்று தெரியாமலே. இரண்டு நல்ல கால் உள்ளவள் செய்த வண்டி அது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் எடுத்து விடறேங்க. நீங்க போயிட்டு வாங்க" என்று அண்ணி குனிந்தாள்.

"போற இடத்துல யார் போடுவா? வண்டி மேலேயே குடித்தனம் பண்ணட்டுமா?" என்று இன்ஜினை அணைத்தான்.

"இறங்குண்ணா. இப்பவே சரி பண்ணிடறேன்."

"மாட்டேன்."

"நீ மேல உக்காந்திருந்தா நான் எப்படி வேலை பாக்கறது?"

அவன் கைகள் கைப்பிடியை விடவில்லை. முகத்தைப் பார்த்தேன். அண்ணன் பயந்து நான் பார்த்ததே இல்லை. அடிபட்ட அன்றுகூட ஆம்புலன்ஸ்காரருக்கு வழி சொல்லிக்கொண்டு போனவன் அவன்.

"இறங்கினா மறுபடி ஏற மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். நீ பாட்டுக்குப் பாரு" என்றான்.

மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் போனேன். ஸ்டாண்டில் ஒரு கிளாம்ப்பை மாட்டி, பழைய இரும்புப் பெட்டியில் கிடந்த ஒரு கம்பியை அதில் கோத்து, டேங்குக்குப் பக்கத்தில் கை எட்டும் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மேலே இழுத்தால் ஸ்டாண்டு மடங்கும். கீழே அழுத்தினால் இறங்கும். முதல் கம்பி குட்டை. அடுத்தது இன்ஜினில் உரசியது. அதை நெளித்து, கழற்றி, மறுபடி நெளித்தேன். ஸ்டாண்டில் நான் கை வைக்கும்போதெல்லாம் அவன் ஒற்றைக் காலால் வண்டியை நிமிர்த்திப் பிடித்திருந்தான். அந்தக் கால் நடுங்கியது. அவன் வியர்வை என் நெற்றியில் சொட்டியது. வண்டியைத் தாங்கப் போன அண்ணி பாதியில் கையை இழுத்துக்கொண்டாள்.

வெளியே வந்து பார்த்தேன். பளபளவென்று இருந்த கறுப்பு வண்டியில் ஒரு துருக்கம்பி.

"கண்றாவியா இருக்குண்ணா. அப்புறமா பெயின்ட் அடிச்சுத் தரேன்."

"தள்ளி நில்லு."

கம்பியை இழுத்தான். ஸ்டாண்டு டக்கென்று மேலே போனது. அழுத்தினான், இறங்கியது. மறுபடி இழுத்தான். எனக்கு அழுகை வந்தது; ஸ்பேனரைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

கேட்டைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

"கேட்டைச் சாத்திடுங்க. வந்து நானே திறந்துக்கறேன்."

தெருமுனையில் திரும்பி மறைந்தான். அண்ணி கேட்டைப் பிடித்தபடியே நின்றாள். சாத்த அவளுக்கு மனசு வரவில்லை. நான்தான் சாத்தினேன். கொண்டியையும் போட்டேன்.