மாதா வந்த வீடு

அக்டோபர் பிறந்ததும் பள்ளிக்கூடத்து மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். தினமும் சர்ச்சின் பங்கு எல்லைக்குள் இருக்கும் பிள்ளை ஒன்றின் வீட்டில் சாயங்காலம் செபமாலை சொல்வார்கள். மறுநாள் அந்த வீட்டுக்காரர்களே அதை அடுத்த வீட்டுக்குச் சுமந்து செல்வார்கள். ஆஞ்சலாவின் வீட்டுக்கு மட்டும் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் ஆக்னெஸ் தானும் கூட வருவதாகச் சொல்லியனுப்பினார். ஆஞ்சலாவின் அம்மா பிரிஸில்லா மகளை அதை மறுபடியும் சொல்லச் சொன்னாள்.

பள்ளியில் கொடுத்திருந்த விலாசத்தில் அவர்கள் இல்லை. அது அவள் கணவன் ஃபிராங்க்ளினுடைய அண்ணன் வீடு. பள்ளி இருக்கும் ஆடுகோடியில் வாடகை கட்டுப்படியாகாமல் நகரத்துக்கு வெளியே ஹெப்பகோடிக்குப் போய் ஒரு வருடம் ஓடிவிட்டது. பங்கை விட்டுப் போனது தெரிந்தால் சின்னவன் க்ளெனுக்கு எல்.கே.ஜி. சீட் கிடைக்காது.

"மாதாதான் வர்றாங்க, போலீஸா வருது?" என்று சிரித்தான் ஃபிராங்க்ளின்.

"உங்க அண்ணி போட்டுக் குடுத்திருப்பாங்க. அவங்க தங்கச்சி பொண்ணுக்கும் அதே எல்.கே.ஜி.தான வேணும்?"

மாதா வரும் நாளன்று மதியமே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அண்ணி பிரிஜெட் தன் கல்யாண போட்டோவை அவளே கழற்றிக் கொடுத்தாள். "உன்னோடத மாட்டு பிரிஸி. நல்லா சிரிச்ச மாதிரி இருக்கும்."

ஏன் இவ்வளவு உதவுகிறாள்? பிரிஸில்லா ஆணியில் தன் படத்தை மாட்டினாள். அது சின்னது. பழைய படம் இருந்த இடம் சுற்றிலும் வெளுப்பாகத் தெரிந்தது.

செபமாலை முழுக்க அவள் கண் சிஸ்டர் மேலேயே இருந்தது. சிஸ்டரின் கண் அந்த வெளுப்பில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் டீ குடித்துக் கிளம்பினார்கள். சிஸ்டர் கிளம்பவில்லை.

"ஆஞ்சலா, நீ எங்கம்மா படுப்ப?"

குழந்தை அம்மாவைப் பார்த்தாள். "அந்த ரூம்ல சிஸ்டர். ஜன்னல் பக்கம். க்ளென் ஒதைப்பான், அதனால அவன் செவுத்துப் பக்கம்."

பொய்யில் ஒரு தடங்கல்கூட இல்லை. எட்டு வயது. யாரும் சொல்லித் தராத அந்த ஜன்னலும் உதையும் பிரிஸில்லாவை என்னவோ செய்தன.

"இது எங்க வீடு இல்ல சிஸ்டர்."

ஃபிராங்க்ளின் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"தெரியும்மா," என்றார் சிஸ்டர்.

"அக்கா சொன்னாங்களா?"

"பிரிஜெட்டா? ரெண்டு வாட்டி கேட்டேன். இங்கதான் இருக்காங்கன்னு சாதிச்சிட்டா. நான் தெனம் கான்வென்ட் மாடியில செடிக்குத் தண்ணி ஊத்தறேன். தெருமுனையில பைக்க நிறுத்திட்டு, இங்கேர்ந்து நடந்து வர்ற மாதிரி வர்றீங்க. ஆஞ்சலா மொத பீரியட்ல தூங்கி வழியறா."

பிரிஸில்லாவால் பிரிஜெட் இருந்த பக்கம் திரும்ப முடியவில்லை.

"க்ளென் சீட்டு, சிஸ்டர்?" ஃபிராங்க்ளின் மெல்லக் கேட்டான்.

"சரியான அட்ரஸ் குடுத்து அப்ளை பண்ணுங்க. பங்குப் பிள்ளைங்களுக்குப் போக மிச்சமிருந்தா பாக்கலாம். வாக்கு குடுக்க மாட்டேன்." சிஸ்டர் எழுந்தார். "நாளைக்கு மாதா எந்த வீட்டுக்கு?"

பிரிஸில்லாதான் சொன்னாள். "ஹெப்பகோடிக்கு."

"நல்லது. நானும் வர்றேன்."

சிஸ்டர் படியிறங்கியதும் பிரிஸில்லா கணவனின் காதில் முணுமுணுத்தாள். "எதுக்கு வர்றாங்க? செபத்துக்கா, செக் பண்றதுக்கா?"

"பண்ணட்டுமே. அங்க நம்ம வீடுதான இருக்கு?" அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான்.

அவள் கையை விடுவித்து ஸ்டூலில் ஏறினாள். தன் படத்தை இறக்கிவிட்டு, பிரிஜெட்டின் படத்தைத் துடைத்து மாட்டினாள். வெளுப்பு மறைந்தது.

"மன்னிச்சிடுங்கக்கா. உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்."

"அது எனக்குத் தெரியாதா? மத்தியானத்துலேர்ந்து உன் மூஞ்சியே சொல்லுதே." பிரிஜெட் தலையணையை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனாள். "இன்னிக்கு பிள்ளைங்க இங்கயே படுக்கட்டும். ஆஞ்சலா, வா. நீ ஜன்னல் பக்கம்."