பிரேக்கைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள்

எங்கள் ஊரில், காரில் இருக்கும் கோளாறை இல்லை என்று சொல்பவருக்கு அந்தக் கோளாறு வந்துவிடும். கார் சரியாகிவிடும்.

அதனால் யோக்கியமான ஒர்க்‌ஷாப்பைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமில்லை. எதிர்ப்பக்கம் ஐந்து நிமிடம் நின்று மெக்கானிக்கைப் பார்த்தால் போதும். ரயில்வே கேட் பக்கத்து மெக்கானிக் நாற்காலியிலிருந்து எழ மூன்று முறை முயல்கிறார், நான்காவது முறைதான் கிளம்புகிறார். யாருடைய பேட்டரியையோ நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருப்பவர் எங்கே போகக் கிளம்பினாலும் இடது பக்கமே இழுத்துக்கொண்டு போகிறார். சந்தைப்பேட்டையில் அண்ணன் தம்பி இரண்டு பேர். இருவருக்கும் காதிலிருந்து கறுப்புப் புகை வருகிறது. இப்படிப்பட்ட இடங்களில் யாரும் வண்டியை விடுவதில்லை.

எனக்கு எழுபத்தொரு வயது. முப்பத்தெட்டு வருடம் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தேன். பதினொரு முறை சிறைக்குப் போனேன். நான் எழுதிய துண்டறிக்கைகளை அடுக்கினால் என் இடுப்பு வரைக்கும் வரும். அதில் பாதி, வடை மடிக்கப் போனது. மில் மூடியபோது மற்றத் தலைவர்கள் வீடு கட்டினார்கள். எனக்குச் சங்கத்தின் பழைய காரைக் கொடுத்தார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டைகள் கூரையில் அப்படியே இருந்ததால், மழை பெய்தால் பின்சீட்டில் இருப்பவர் குடை பிடிக்க வேண்டும்.

பின்சீட்டில் இருப்பவர் என் மனைவி மரகதம். அவளுக்குச் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. செவ்வாயும் வெள்ளியும் இருபது கிலோமீட்டர் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். வரும்போது படுத்துக்கொண்டுதான் வருவாள். பஸ்ஸில் படுக்க விடமாட்டார்கள்.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் சோதனையில் தேறாவிட்டால் காரை நசுக்குவதற்கு எடுத்துப் போய்விடுவார்கள் என்று கடிதம் வந்திருந்தது. புதன்கிழமை ரயில்வே கேட்டில் பிரேக்கை அழுத்தினேன். கார் கேட்டுக்கு முன்னால் நிற்காமல், பக்கத்து டீக்கடைப் பெஞ்சில் போய் நின்றது.

"உங்களுக்கும் அதுக்கும் பொருத்தந்தான்," என்றாள் மரகதம். "ரெண்டுக்கும் எங்க நிறுத்தறதுன்னு தெரியாது."

வியாழக்கிழமை காலையில் அவளையும் ஏற்றிக்கொண்டு, இரண்டாவது கியரிலேயே ஊரைச் சுற்றினேன். பத்து மணிக்கு உண்மை மோட்டார்ஸைக் கண்டுபிடித்தோம். வாசலில் நின்று பார்த்தோம். பத்து ஆட்கள் வேலை செய்தார்கள். பத்துப் பேரும் நேராக நடந்தார்கள், ஒரே முயற்சியில் எழுந்தார்கள். ஓனர் தண்டபாணிக்கு இரண்டு கண்ணும் ஒரே வெளிச்சத்தில் இருந்தன.

"இங்கயே விட்டரலாங்க," என்றாள் மரகதம்.

தண்டபாணி பெடலை ஒரு முறை மிதித்துப் பார்த்தார். "பிரேக் மாஸ்டர் சிலிண்டர் போச்சுங்க. இந்த மாடலுக்குச் சாமான் வர ஒரு வாரம் ஆகும்," என்றார். இருக்கிற கோளாறை இருக்கிறது என்றே சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

"இன்னைக்கு நாலு மணிக்குள்ள வேணுமே."

"கவலைப்படாதீங்க. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்தர்றேன்."

"சாமான் இல்லாம எப்படி?"

"அது எங்க வேலைங்க. நீங்க உக்காருங்க."

கவலைப்படாதீர்கள் என்று முதலாளி சொன்னால் நான் உட்காருவதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக மூன்று வேலைநிறுத்தம் செய்திருக்கிறேன். அவர் காரைத் தள்ளச் சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் பின்னால் போனார். நானும் போனேன்.

பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு அறை இருந்தது. அதில் ஐம்பது வயதுள்ள ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கண் மங்கி மங்கி எரிந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பக்கத்துப் பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். கொஞ்சம் ஆவி வந்தது.

"ஏன் சுவத்தைப் பார்த்து உக்காந்திருக்கீங்க?"

"ரிவர்ஸ் போச்சுங்க," என்றார். "உள்ளார வந்தா அப்படியேதான். சாயந்திரம் ரெண்டு பேர் வந்து திருப்பி விடுவாங்க."

அவர் பெயர் சவரிமுத்து. கோளாறை இல்லை என்று சொல்வது அவர் வேலை. ஆறு வருடமாகச் செய்கிறார். மாதச் சம்பளமும் மதியச் சாப்பாடும் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் மற்ற எல்லோரும் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். சாமான் கிடைக்காத கோளாறுகள் இந்த அறைக்கு வருகின்றன.

"பிரேக் எடுத்திருக்கீங்களா?"

"இல்லீங்க. பிரேக் மட்டும் வேண்டாம்னு சேரும்போதே கேட்டுக்கிட்டேன். அது போச்சுன்னா வீட்டுக்குப் போனா வீட்ல நிக்க முடியாதுங்களே. தாண்டிப் போயிருவேன்." தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். "இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோன்னு ஓனர் சொல்லியனுப்பியிருக்காரு. ஆரோ ஆஸ்பத்திரிக்குப் போறவங்களாமா."

மணி பத்தரை. மரகதம் காரில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் எவ்வளவு நேரம் நினைத்தேன் என்பதை இதுவரை எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை. கொஞ்ச நேரம் நினைத்தேன்.

பிறகு வெளியே காருக்கு வந்து, கோளாறு இல்லை என்று நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"நீங்க நிக்காமப் போயிட்டீங்கன்னா காரை ஆரு ஓட்டறது?" என்றாள் மரகதம். "பழனாத்தாளைக் கூப்பிடுங்க."

பழனாத்தாள் நூற்புப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவள். சங்கத்தின் பொருளாளர். இப்போது சங்கத்தில் பொருளும் இல்லை, ஆளும் இல்லை, அவள் மட்டும் பதவியில் இருக்கிறாள். போன் செய்தேன்.

"கோஷம் போட ஆள் வேணும்."

"எதை எதிர்த்துங்க தோழர்?"

"பிரேக்."

"எத்தனை பேர் வேணும்?"

"எத்தனை பேர் வர்றாங்களோ."

பல பேர் சேர்ந்து ஒரே குரலில் கோளாறு இல்லை என்று சொன்னால் அது சமமாகப் பங்காகும். இது எங்கள் மில்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். சங்கத்தின் பழைய வேன்களை இப்படித்தான் சரிசெய்து ஓட்டினோம். ஆனால் குரல் ஒன்றாக வர வேண்டும். எவர் முதலில் வாயைத் திறக்கிறாரோ முழுக் கோளாறும் அவருக்குத்தான்.

பதிவேட்டில் இருநூற்று நாற்பது பேர். பதினெட்டுப் பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் தொண்ணூற்றொன்றில் எங்களைத் துரோகிகள் என்று சொல்லிப் பிரிந்து போனவர்கள். அவர்கள் தனியாக ஒரு மூலையில் நின்றார்கள். துண்டறிக்கையை மடித்து வைத்திருப்பார்கள் போலிருந்தது, பாக்கெட் புடைத்திருந்தது. ஒர்க்‌ஷாப் ஆட்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். ஓனரும் நிற்காமல் தொடங்க மாட்டோம் என்றேன். தண்டபாணியும் வந்து ஓரத்தில் நின்றார்.

நான் முன்னால் போனேன். கை தானாக உயர்ந்தது. "மாஸ்டர் சிலிண்டரில்..." என்று ஆரம்பித்தேன்.

பழனாத்தாள் முந்தானையால் என் வாயைப் பொத்தினாள். "ஏனுங்க, எடுத்துக் குடுத்துப் பழகிட்டீங்கன்னு இன்னைக்கும் எடுத்துக் குடுப்பீங்களா? முழுசும் உங்களுக்கே வந்துரும். பேசாம எங்ககூட வந்து நில்லுங்க."

"தலைவரு இல்லாம கோஷமா?" என்றார் பிரிந்து போனவர்களில் ஒருவர். முப்பது வருடத்தில் அவர் எனக்காகச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதுவும் கேலிதான்.

முப்பத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக நான் கூட்டத்துக்குள்ளே நின்றேன். அங்கிருந்து பார்த்தால் முன்னால் இருப்பவரின் பிடரி மட்டும் தெரிகிறது. தாளம் கொடுக்கச் சவரிமுத்துவைத் திருப்பிக் கூட்டிவந்தோம். இல்லை என்று சொல்வதில் அங்கே அனுபவம் உள்ளவர் அவர் ஒருவர்தான். அவர் வாய் திறக்காமல் விரலைக் காட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

"பிரேக்கில் கோளாறு இல்லை!"

கார் லேசாகக் கீழே உட்கார்ந்து எழுந்தது. தண்டபாணி பெடலை மிதித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கலைந்து நடந்தபோது, ஒவ்வொருவரும் நிற்க நினைத்த இடத்தைத் தாண்டி ஒரு விரற்கடை முன்னால் போய் நின்றோம். பழனாத்தாள் என் முதுகில் லேசாக இடித்துக்கொண்டாள். "இவ்வளவுதானா?" என்றாள்.

கூடியது கூடிவிட்டோம் என்று சவரிமுத்துவிடம் இருந்ததையும் எடுத்துக்கொண்டோம். அவர் உடம்பில் இருந்தாலும் அவை கார்களின் கோளாறுகள்தாம். மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் அவரே விரல் காட்டினார். ரேடியேட்டருக்குப் பிறகு எல்லோருக்கும் கொஞ்சம் தாகம் எடுத்தது. ஹெட்லைட்டுக்குப் பிறகு எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரின் தேதி எனக்குச் சற்று மங்கியது. பிரிந்து போனவர்கள் எங்கள் வரிசைக்கு வந்து நின்றிருந்தார்கள், தனியாக நின்றால் தாளம் தவறுகிறது என்று.

தண்டபாணி ஒவ்வொரு முறையும் உதட்டை மட்டும் அசைத்தார். அவருக்கு எதுவும் வரவில்லை. இப்படிப்பட்டவர்களோடு உட்கார்ந்துதான் ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவருடைய ஆட்கள் பத்துப் பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சவரிமுத்து இருந்த அறையின் கதவை அவர்களே கழற்றிக் காரின் மேல் ஓட்டைகளை மூடும்படி கட்டிக் கொடுத்தார்கள். அந்த அறையில் இனி டயர் வைப்பார்களாம்.

கடைசிக் கோஷம் முடிந்ததும் சவரிமுத்து ஒரு அடி பின்னால் வைத்துப் பார்த்தார். இன்னொரு அடி வைத்தார். பிறகு எங்களைப் பார்த்துக்கொண்டே, திரும்பாமல், பின்பக்கமாகவே தெரு முனை வரைக்கும் நடந்தார். அங்கிருந்து கையை ஆட்டினார். அவர் வீடு அந்தப் பக்கந்தான்.

மூன்று பத்துக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்ச் சேர்ந்தோம். இன்ஸ்பெக்டர் காரை வேகமாக ஓட்டிக் கோட்டில் நிறுத்தினார். கோட்டிலேயே நின்றது. இன்னும் ஐந்து வருடம் என்று எழுதி முத்திரை குத்தினார். மரகதம் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில ஆறரைக்குக் கிளம்பினாப் போதும்," என்றாள். உடனே தூங்கிவிட்டாள்.

நான் காரைத் திருப்பியபோது, வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி ரோடு நின்றுகொண்டிருந்தது. எங்கள் ஊரில் ரோடும் சோதனையில் தேறினால்தான் விரியலாம், அதற்கும் அன்றுதான் கடைசி நாளாம். மைல்கல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாய் போலச் சுருண்டு, தூசி தட்டிக்கொண்டு நின்றது. வழிவிட்டோம். வீட்டுக்கும் அந்த ரோட்டில்தான் போக வேண்டும் என்பதால், வெளியே வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, பழனாத்தாள் கொடுத்தனுப்பிய முறுக்கைத் தின்றுகொண்டு காத்திருந்தேன். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அது முத்திரையோடு வெளியே வந்து, படிக்கட்டில் இறங்கி, எங்கள் முன்சக்கரத்திலிருந்து விரிய ஆரம்பித்தது. கடைசிக் கிலோமீட்டரும் போய்ப் படுக்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்துவிட்டு, வண்டியைக் கிளப்பினேன்.