மோட்டார் சைக்கிள் சங்கு குளித்த கதை

மன்னார் வளைகுடாவில் மோட்டார் சைக்கிளைச் சங்கு குளிக்க இறக்கியவன் இந்த உலகத்திலேயே நான் ஒருவன்தான். ஊரே நம்பியது. நம்ப மாட்டேனென்று அடம்பிடித்த ஒரே ஆள் என் மனைவி கிளாடிஸின் அண்ணன் ஹென்றி. அன்று என் பக்கத்திலேயே கடலில் நின்றவரும் அவர்தான்.

1946. பட்டாளத்தார் கழித்துக்கட்டிய பி.எஸ்.ஏ. வண்டி ஒன்றை ஹென்றி ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். எனக்குச் சங்குத் தோணியில் கயிறு பிடிக்கிற வேலை. அந்தக் கயிற்றோடு கடலுக்கடியில் முங்கிச் சங்கு தேடும் குளியாள் சுகமாக இருக்கிறானா, திணறுகிறானா என்று மேலே வரும் குமிழியைப் பார்த்தே சொல்ல வேண்டும். நான் அவன் காலையில் தின்ற பலகாரம்வரை சொல்வேன்.

துறைமுகத்து ஏஜென்டு ஆபீஸில், சொந்த வண்டி உள்ளவனுக்குத் தபால் கொண்டுபோகும் உத்தியோகம் ஒன்று காலியானது. திங்கட்கிழமை வண்டியோடு போய் நிற்க வேண்டும். தவறினால் ஆயுசுக்கும் கயிறுதான்.

"வண்டிய எடுத்துக்கோ மாப்ள. வால்வெல்லாம் வைரம்," என்றார் ஹென்றி.

பட்டாளம் கழித்த வண்டி. வால்வு போயிருந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். மதராஸிலிருந்து சாமான் வருவதற்குள் எனக்குப் பேரன் பிறந்துவிடுவான். உத்தியோகம் போச்சு. சரி, வால்வு மோசம் என்று வாயைத் திறந்தால் வீட்டில் சோறு போச்சு. அண்ணனைக் குறை சொன்னால் கிளாடிஸ் புயல்கூண்டு ஏற்றிவிடுவாள்.

சனிக்கிழமை, கடலுக்குள் நீண்டு கிடந்த மணல்திட்டில் ஓட்டிப் பார்க்கப் போனோம். பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. சூடேறியதும் திட்டின் நுனியில் செத்தது. கிக்கரை மிதித்தால் வெண்ணெயை மிதிப்பதுபோல இறங்குகிறது. எஞ்சினில் அமுக்கமே இல்லை. திரும்பிப் பார்த்தேன், கடல் ஏறி, வந்த வழியைக் காணோம். வண்டியோ யானைக்கனம், சக்கரம் மணலில். தள்ளவும் முடியாது, விட்டுவிட்டு ஓடவும் மனசு வராது.

"பெட்ரோல் மட்டரகம்," என்றார் ஹென்றி.

"வால்வு, மச்சான்."

"ஏலே, கயிறு பிடிக்கவனுக்கு வால்வப் பத்தி என்னல தெரியும்?"

கழுத்தளவு தண்ணீர் என்று எழுத ஆசைதான். முழங்கால் என்றே வைத்துக்கொள்வோம். சைலன்சர் வாய் முங்கிவிட்டது. கிக்கரில் ஏறி நின்று மெல்ல அமுக்கினேன். பின்னால் குமிழி! பொடிப்பொடியாக, விடாமல். திணறும் குளியாள் விடுகிற அதே குமிழி. புகை போகும் வால்வு மூடவில்லை. என் உத்தியோகம்தான் குமிழி குமிழியாகப் போனது.

"மீன் விடுது," என்றார் மச்சான்.

வேறு போக்கிடம் ஏது? மறுபடி அமுக்கினேன். குமிழி குறைந்திருந்தது. எஞ்சின் ஆற ஆற இன்னும் குறைந்தது. கடைசியில் ஒன்றுமில்லை, கிக்கர் என் முழுக் கனத்தையும் தாங்கி நின்றது.

கருகிய வால்வு என்றால் ஆறினாலும் ஒழுகும். இது சூட்டில் மட்டும் ஒழுகுகிறது. சூட்டில் நீளும் வால்வுத் தண்டுக்கு இடம் விடாமல், அதைத் தள்ளும் டேப்பட்டை எவனோ இறுக்கியிருக்கிறான்!

"யாரு மச்சான் இறுக்கினது?"

அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே மடியிலிருந்து ஸ்பானரை எடுத்து நீட்டினார். நகக்கனம் தளர்த்தி மிதித்தேன். இலங்கைவரை கேட்டது சத்தம். வேதத்தில் மோசேக்குப் பிளந்த கடல் எனக்கும் பிளந்தது.

வீட்டு வாசலில் கிளாடிஸ், "என்ன இப்படி நனைஞ்சு வாறீய?" என்றாள். சொன்னேன். சிரித்தாள்.

"புளுகன். குமிழியுமில்ல, ஒண்ணுமில்ல. வண்டி நிக்கவேயில்ல," என்றார் ஹென்றி.

நான் சாவியை... அந்த வண்டிக்குச் சாவி ஏது, ஹாண்டில்பாரையே அவர் கையில் கொடுத்தேன். "அப்படின்னா வால்வ நான் சோதிக்கவே இல்ல. சோதிக்காத வண்டி வேண்டாம் மச்சான். கயிறே போதும்."

"அண்ணே," என்றாள் கிளாடிஸ். புயல்கூண்டு ஏறியது, இந்தத் தடவை அவர் பக்கமாக.

ஹென்றி தங்கையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், தப்ப வழியில்லை.

"குமிழி வந்துச்சு. பொறவு நின்னுச்சு. ரெண்டையும் பாத்தேன்," என்றார். "டக்டக்னு சத்தம் கேட்டா ஒம் புருசன் பழசும்பானேன்னு நாந்தான் இறுக்குனேன். வால்வு வைரம், ஏளா. வண்டிய எடுத்துக்கிடச் சொல்லு."