ஒரே இடத்தில் வரும் புண்

மரியஜானுக்கு வாய்ப்புண் வந்தது அதிசயமில்லை. கடியப்பட்டணத்தில் வாய் உள்ள எவருக்கும் எப்போதாவது வரும். ஆனால் அவருக்கு மட்டும் அது ஒவ்வொரு முறையும் வலது உதட்டோரத்தின் உட்புறம், அதே இடத்தில்தான் வந்தது. நடுவில் வெளுப்பு, சுற்றிலும் சிவப்பு, புளி பட்டால் உச்சிமண்டை வரை ஒரு மின்னல். ஆறும், ஆறிவிட்டதே என்று அவர் சிரித்து முடிப்பதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மகள் அஜிஷாவின் கல்யாணப் பேச்சுக்குள்ளும் அது புகுந்ததுதான் வினை. குறும்பனையில் மாப்பிள்ளை வீட்டு விருந்தில் புளி தூக்கலான மீன்குழம்பு, நெய்மீன் புளிமுளம். முதல் கவளத்திலேயே மரியஜானின் முகம் கோணியது, கண்ணில் நீர் வழிந்தது, தட்டைத் தள்ளி வைத்தார். சமைத்த சம்பந்தியம்மாள் அடுக்களைக்குள் போனவள் வெளியே வரவேயில்லை.

மாப்பிள்ளையின் அப்பா ஆன்ட்ரூஸ் சொன்னார்: “பொண்ணத் தர மனசில்லேன்னா வாயத் தொறந்து சொல்லும் ஓய்!”

வாயைத் திறக்க முடியாததுதானே பிரச்சினை.

மரியஜானின் மனைவி பேபி எப்படியோ பேசி, மாதக் கடைசி ஞாயிறு அவர்களைத் தன் வீட்டுக்கு விருந்துக்கு வரச் சம்மதிக்க வைத்தாள். அன்றும் இவர் முகம் சுளித்தால் சம்பந்தம் முறிந்தது என்றே அர்த்தம்.

“பேச்சக் கொறையும், புண்ணு தானா ஆறும்” என்றாள் பேபி. அடுத்த வீட்டுக்காரர்கள் சூடு என்றார்கள். மோரும் மணத்தக்காளிக் கீரையும் உள்ளே போயின. நுரை தள்ளும் பற்பசையாலும் சிலருக்கு வரும் என்று கேள்விப்பட்டு அதையும் மாற்றினார். மணவாளக்குறிச்சி டாக்டர் பல் ஏதும் உரசுகிறதா என்று விரல் விட்டுப் பார்த்தார், இல்லை. இரத்தத்தில் இரும்புச்சத்தும் பி12-ம் குறைவா என்று பார்த்தார், அதுவும் இல்லை.

“மனசுல கவலை உண்டுமா? கவலையாலயும் வரும்.”

“புண்ணாலதானே டாக்டரே எனக்குக் கவலை!”

“மூணு வாரம் ஆறாம கெடந்தா ஒடனே வந்துரணும்.”

“அது ஆறிரும். திரும்பி வருது பாருங்க, அதுதான் சேட்டை.”

கடைசியில் மரியஜானுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில் ஒருசந்தி இருந்தபோது புண் சுத்தமாக ஆறியிருந்தது. அப்படியானால் மருந்து பட்டினிதான்! மறுநாளே ஒருசந்தி ஆரம்பித்தார். தினமும் காலையில் வெறும் வயிற்றோடு கடற்கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்தார். புண் முன்பைவிட எரிந்தது.

ஒரு நாள் அஜிஷா போனோடு அங்கே வந்தாள். “எப்பா, ஆ காட்டுங்க. ஒங்களுக்கு நெசமாவே புண்ணுதான்னு அவுங்க வீட்டுக்குப் போட்டோ அனுப்பணும்.”

“இதயா அனுப்புவ? கல்யாணத்த நீயே நிறுத்திருவ போலயே.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவளின் புருவம் சுருங்கியது. “சாதாரணமா வாய்ப்புண்ணு வட்டமால்லா இருக்கும்? இது கோடு போட்ட மாதிரி நீளமா கெடக்கு.”

“யாரு வரைஞ்சான்னு கேளு” என்றபடி அவர் வேலையைத் தொடர்ந்தார். முடிச்சைப் போட்டார், நைலான் இழையை வலது கடைவாயில் கவ்வி இறுக்கினார், பல்லால் நறுக்கென்று கடித்து அறுத்தார்.

“எப்பா, அப்பிடியே இருங்க! நீங்கதான் வரையுதிய!”

யோசித்துப் பார்த்தால் சரிதான். சத்துக் குறைவும் கவலையும் இடம் பார்த்து வருவதில்லை. இன்றைக்கு நாக்கில், நாளைக்குக் கன்னத்தில் என்று எங்கே வேண்டுமானாலும் வரும். ஒரே இடத்தில் வருகிறதென்றால் அந்த இடத்தில் ஏதோ ஒன்று திரும்பத் திரும்பப் படுகிறது. உப்பேறிய இழை ஒவ்வொரு முடிச்சுக்கும் அந்த மெல்லிய தோலை அறுத்தது. பெரிய வாரத்தில் அவர் வலையைத் தொடவில்லை, அதனால் ஆறியது. பெயர் மட்டும் ஒருசந்திக்குப் போய்விட்டது.

“அப்ப இத்தன நாளு நான் பட்டினி கெடந்தது?”

“அது ஆத்துமாவுக்கு” என்றாள் அஜிஷா.

கடைசி ஞாயிறன்று மரியஜான் புளிமுளத்தை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஆன்ட்ரூஸ், தன் தட்டிலிருந்த மீன் துண்டையும் அவர் பக்கம் தள்ளினார்.

இப்போது மரியஜான் இழையைக் கால் பெருவிரலில் மாட்டி இறுக்குகிறார். கழுத்தில் ஜெபமாலைக்குப் பக்கத்தில் ஒரு நகவெட்டி தொங்குகிறது. இழையை அதைக் கொண்டுதான் வெட்டுகிறார். வாயில் இழை படுவதில்லை, புண்ணும் வருவதில்லை.