பழசு மாதிரிச் செய்த புதுக் கார்

1.

இந்தக் கதை நான்கு தேசிக்காய்களிலிருந்து வந்தது. 1994இல் ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில், கோயில் ஒன்றும் வாடகைக்கு இருந்த பிளாசாவின் தரிப்பிடத்தில், புத்தம்புது மஸ்ராங் கார் ஒன்று நின்றது. நான்கு சில்லுகளுக்கும் முன்னால் இன்னும் நசுங்காத தேசிக்காய்கள், எலுமிச்சைதான். எஞ்சின் மூடியில் சந்தனம், குங்குமம். முகப்பில் பாயும் அமெரிக்கக் குதிரை. சொந்தக்காரரைக் காணவில்லை, ஐயரைக் கூட்டிவரப் போயிருக்கலாம். நான் காத்திருக்கவில்லை. பால் வாங்கப் போனவன் பாலோடு வீட்டுக்குப் போனேன்.

ஆகவே இனி வருவதெல்லாம் புளுகு. சொந்தக்காரர் வாசித்தால் கோபிக்க வேண்டாம்.

2.

முதல் தொடக்கம்: "பனி பூப்பூவாய்ச் சொரிந்த ஒரு மார்கழி—"

வேண்டாம். ரொறன்ரோக் கதைகளில் சொரிய வேண்டிய பனியெல்லாம் சொரிந்தாகிவிட்டது. இந்தக் கதையில் பனி இல்லை.

இரண்டாவது: "அமெரிக்காவின் பொற்காலமான அறுபதுகளில்—"

இது கட்டுரை. ஆனால் கொஞ்சம் கட்டுரை இல்லாமல் இந்தக் கதை ஓடாது. அறுபதுகளில் அங்கே நீண்ட மூக்கும் பெரிய எஞ்சினுமாக மசில் கார்கள் ஓடின. பிறகு அந்தச் சாயல் மெல்லப் போய்விட்டது. 1994இல் புது மஸ்ராங் வந்தபோது பழசின் அடையாளங்களைத் தேடிப் பிடித்துத் திரும்ப ஒட்டினார்கள்: பக்கவாட்டில் குழிவு, பின்விளக்கில் மூன்று கோடு, முகப்பில் அதே குதிரை. உள்ளே புதுசு, வெளியே இளமைக்கால ஞாபகம். சனம் உருகியது.

[யாருடைய இளமைக்காலம் என்று யாரும் கேட்கவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவர் வேறு விதமாகக் கேட்டார். அவர் நான்காம் பகுதியில் வருகிறார்.]

3.

சொந்தக்காரனுக்குத் தியாகலிங்கம் என்று பெயர் வைத்தேன். மஸ்ராங்குக்கும் இந்தப் பெயருக்கும் பொருந்தாது என்பீர்கள். பெயர் வைத்தது தகப்பன், கார் வாங்கியது மகன்.

பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் வேலை, மில்லிக்கனில் பேஸ்மென்ற் அறை. கொழும்பில் சந்திரவதனா என்று ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தகப்பனோடு வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இருக்கிறாள். இரண்டு தரம் தொலைபேசியில் கதைத்தார்கள். அவளுடைய குரல் இவனுக்குப் பிடித்துப்போயிற்று. வேலையிடத்தில் தனியே சிரிக்கும் அளவுக்குப் பிடித்துப்போயிற்று. மிச்சம் இருந்தது படம் ஒன்றுதான்.

இங்கிருந்து போகும் மாப்பிள்ளைப் படத்தில் ஒரு கார் நிற்க வேண்டும், மாப்பிள்ளை அதில் சாய வேண்டும். அது நம் வழமை. கார் யாருடையது என்று எவரும் விசாரிப்பதில்லை. தியாகலிங்கம் பக்கத்து வீட்டுக் கொறொல்லாவில் சாய்ந்திருந்தால் கதை இந்த இடத்தில் கலியாணத்தோடு முடிந்திருக்கும். மனுசன் நேர்மையாகத் தன் சொந்தக் காரில் சாய்ந்தான்.

4.

படம் கிடைத்ததும் பெண்ணின் தகப்பன் இராஜரட்ணம் தொலைபேசியில்:

"தம்பி, குறை நினையாதேங்கோ. உது அறுபத்தாறாம் ஆண்டுக் கார். காலிமுகத்திடலிலை ஒரு வெள்ளைக்காரன் ஓடினவன், நான் என்ரை கண்ணாலை பாத்தனான். உதே குதிரைதான்."

"ஐயோ அங்கிள், இது இந்த வருசத்துக் கார். பழசு மாதிரிச் செய்திருக்கிறாங்கள்."

"புதுசை ஏன் தம்பி பழசு மாதிரிச் செய்வாங்கள்?"

தியாகலிங்கம் காரோடு வந்த கையேட்டை எடுத்துப் புரட்டினான். நானும் புரட்டினேன், காரணம் அதில் எழுதியிருக்கவில்லை. இராஜரட்ணம் யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய ஏ-40 கார் வைத்திருந்தவர். போரால் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டியவர். அவருக்குப் பழங்கார் என்றால் ஞாபகம் அல்ல, இருமல்.

"பழங்காரிலை இருந்து எழும்பிப் பழங்காரிலை போய் இருக்கவோ என்ரை பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பிறது?" என்றுவிட்டு வைத்துவிட்டார்.

5.

நிரூபணப் படலம். (இதை நீட்ட எனக்கு ஆசை. ஆனால் ஒரு பெண் லொட்ஜில் காத்திருக்கிறாள்.)

இருக்கைகளின் பிளாஸ்ரிக் உறையைக் கழற்றாமல் படம் எடுத்து அனுப்பினான். "கிழிஞ்ச சீற்றை மறைச்சிருக்கிறார்" என்று பதில் வந்தது. புதுக் காருக்குச் செய்கிற பூசையைச் செய்து, தேசிக்காயோடு படம் அனுப்பினான். "பாத்தியோ, சாமியை நம்பித்தான் ஓடுது" என்றார் இராஜரட்ணம்.

தியாகலிங்கம் காரை விற்கத் தீர்மானித்தான். வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத காரை, வயது போய்விட்டது என்ற குற்றத்துக்காக! கதாசிரியன் நான் தடுத்திருக்க வேண்டும். எனக்கு முன் சந்திரவதனா தடுத்தாள்.

6.

தகப்பன் சந்தைக்குப் போன நேரம் பார்த்து அவளே அழைத்தாள்.

"காரை விக்கப் போறியளாம்?"

"ஓம். உங்கடை அப்பாவுக்காக."

"அது பழசோ புதுசோ எனக்குத் தெரியாது, தேவையுமில்லை. அப்பாவின்ரை காரைத் தள்ளினது நான். எங்கை போறதெண்டாலும் அவர் ஸ்ரியறிங்கிலை, நான் பின்னாலை. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. உது தள்ளாமல் ஸ்ரார்ட் வருமோ?"

"வரும்."

"சத்தியமாய்?"

"சத்தியமாய்."

"அப்ப விக்காதேங்கோ. அப்பாவை நான் பாக்கிறன்."

இதை எழுதியபோது எனக்கு அவளை அவ்வளவு பிடித்துவிட்டது. அவளை எப்படியும் இங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று விசா அலுவல்களையெல்லாம் ஒரே வசனத்தில் முடித்தேன். விசா வந்தது.

7.

முடிவு (அ): அஜக்ஸ் புறநகரில் வீடு, வாசலில் ஒரு வான். மஸ்ராங் என்ன ஆனதென்று யாரும் கேட்கவில்லை. கொட்டாவி வருகிறது.

முடிவு (ஆ): இராஜரட்ணமும் வந்து, காரைச் சுற்றிப் பார்த்து, "நான் அப்பவே சொன்னனான், உது அறுபத்தா—"

வேண்டாம்.

முடிவு (இ): விமான நிலையத் தரிப்பிடம். தியாகலிங்கம் பெட்டியைப் பின்னால் ஏற்றி, அவளுக்காக முன்கதவைத் திறந்துவிட்டு, தன் பக்கம் வந்து ஏறுகிறான். பக்கத்து இருக்கை வெறுமையாக இருக்கிறது. கண்ணாடியில் பார்க்கிறான். புதுச் சேலையை இழுத்துச் செருகி, கைப்பையைக் கழுத்தில் மாட்டி, இரண்டு கைகளையும் காரின் முதுகில் வைத்தபடி சந்திரவதனா நிற்கிறாள். கேட்கவில்லை, யோசிக்கவில்லை. கார் என்றால் அவளுக்கு இடம் அதுதான்.

மூன்று தரம் அவளை முன்னால் இருத்தி எழுதினேன். மூன்று தரமும் இறங்கிப் பின்னால் போய்விட்டாள். கார் ஒரே திருப்பில் ஸ்ரார்ட் வந்தால் அந்தக் கைகளை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது. வராவிட்டால் அவற்றுக்கு வேலை இருக்கிறது, ஆனால் அந்த வேலைக்காக அவள் இவ்வளவு தூரம் வரவில்லை. எனக்கு இரண்டையும் எழுதப் பயமாக இருக்கிறது.

சாவியை உங்களிடம் தருகிறேன். வழுக்காமல் தள்ளுவதற்காக அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை ஊன்றிவிட்டாள். பனி வேண்டாம் என்றுதான் தொடங்கினேன், ஆனால் அது ஜனவரி. கெதியாகத் திருப்புங்கள்.